வாஷிங் மெஷின் விற்கும்போதே அதன் பழுதுச் செலவையும் சொல்ல வேண்டும்

கடையில் மெஷினுக்கு மேல் விலையைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறார்கள். இஎம்ஐ மாதம் எவ்வளவு என்பதையும் ஒட்டுகிறார்கள். ஆனால் இந்த மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டு என்ன விலை, துணி சுழலுகிற டிரம் என்ன விலை, அந்த டிரம்மைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங் போனால் பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா என்பதை எங்கேயும் காணோம். வாங்குகிற அன்றைக்கே இது நமக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்காரர் பிரியப்பட்டால் சொல்வது என்று இதை விட்டுவிடக் கூடாது. சட்டமே போட வேண்டும்.

குரோம்பேட்டையில் இருக்கும் என் அத்தை வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு இவ்வளவு உறைத்தது. அவர்களுடையது ஏழு கிலோ ஃப்ரண்ட் லோட், அதாவது முன்பக்கம் கதவு உள்ள மெஷின். ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதோடு மெஷினில் விளக்கே எரியவில்லை. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த தம்பி மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா, புதுசுதான் மாத்தணும்" என்றார். போர்டு, லேபர், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். மாற்ற வேண்டாம் என்றாலும் வந்து பார்த்ததற்கான விசிட்டிங் சார்ஜைக் கொடுத்தாக வேண்டும். "இவ்வளவு செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்சுல புது மெஷினே எடுத்துடலாம்மா" என்று அவரே யோசனையும் சொன்னார். அத்தை முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர். உட்கார்ந்து துணி துவைக்க முடியாது. வீட்டில் நனைத்த துணி ஒரு வாளி நிறைய இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு நாலு இடத்தில் விசாரிக்க நேரம் ஏது?

பக்கத்துத் தெருவில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் அதே போர்டைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்து மாட்டிக் கொடுத்தார். மொத்தம் 1,800 ரூபாய். போயிருந்தது ஒரு ஃப்யூஸும் ஒரு வேரிஸ்டரும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் போர்டின் மற்ற பாகங்களைக் காப்பாற்றிவிட்டுத் தான் முதலில் போய்விடுவதுதான் வேரிஸ்டரின் வேலையே. கடையில் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். மற்ற பணமெல்லாம் அந்த இரண்டு பேரின் வேலைக்கும் அலைச்சலுக்கும் போனது. அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி.

சர்வீஸுக்கு வந்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. போர்டைப் பிரித்துச் சரிபார்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அல்ல. பழையதை எடு, புதியதை மாட்டு என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பல மாடல்களில் போர்டு முழுக்க பிசின் மாதிரி ஒன்றை ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள். ஈரமும் கரப்பானும் உள்ளே போகாமலிருக்க அது உதவுகிறது, உண்மைதான். ஆனால் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் ஒன்று போனால்கூட அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்காமல் கை வைக்க முடியாது. வேலை தெரிந்த பல மெக்கானிக்குகள் அதைப் பார்த்ததுமே "வேணாம்மா, விட்டுடுங்க" என்று கையை விரிப்பது இதனால்தான்.

டிரம் விஷயம் இதைவிட மோசம். ஃப்ரண்ட் லோட் மெஷின் ஸ்பின் ஆகும்போது லாரி போகிற மாதிரி சத்தம் வந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். பேரிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். முன்பெல்லாம் டிரம்மைச் சுற்றியிருக்கிற வெளித்தொட்டி இரண்டு பாதியாக, போல்ட் போட்டு முடுக்கியதாக இருக்கும். பிரித்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து, பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற ஆயில் சீலையும் மாற்றிவிடுவார்கள். இப்போது நிறைய மாடல்களில் அந்த இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பிரிக்கவே முடியாது. பேரிங் போனால் தொட்டியும் டிரம்மும் சேர்ந்த செட்டையே மாற்றச் சொல்கிறார்கள், அது பல ஆயிரம். இதை வடிவமைத்தவர்களுக்கு பேரிங் தேயும் பொருள் என்பது தெரியாதா? தெரிந்தேதான் ஒட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, உப்புத் தண்ணீர். டிரம்மின் பின்னால் மூன்று கை விரித்தது போல ஒரு தாங்கி இருக்கும். ஸ்பைடர் என்பார்கள். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இந்த ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியபடி எப்போதும் ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே வரும். சோப்புத்தூளை அள்ளிப் போடுவதும் போர்வெல்லிலிருந்து வருகிற உப்பும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். ஒருநாள் ஒரு கை உடையும், டிரம் ஆடும். ஹீட்டர் இருக்கிற மெஷினில் அதன் மேல் சுண்ணாம்பு படிவதும் இதே தண்ணீரால்தான். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான் ஓடுகிறது. இது மெஷின் விற்கிறவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, இந்தத் தண்ணீரில் எத்தனை வருஷம் தாங்கும், எத்தனை நாளைக்கு ஒருமுறை டீஸ்கேல் பண்ண, அதாவது படிந்த சுண்ணாம்பை எடுக்க வேண்டும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டாமா?

அவர்கள் சொல்வதெல்லாம் "மோட்டாருக்கு பத்து வருஷ வாரண்டி". மெஷினின் முகப்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இன்வெர்ட்டர் மோட்டார் அவ்வளவு எளிதில் போவதில்லை. போவது போர்டு, டிரெயின் பம்ப், இன்லெட் வால்வ், டோர் லாக், கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் கேஸ்கெட், பேரிங். இவற்றுக்கெல்லாம் வாரண்டி சில மாடலில் ஒரு வருஷம், சிலவற்றில் இரண்டு, அவ்வளவுதான். மோட்டாரே போனாலும், பல வாரண்டிகளில் மோட்டார் மட்டும் இலவசம், லேபரும் விசிட்டிங் சார்ஜும் நம் தலையில். போகாத பாகத்துக்குப் பத்து வருஷம் உறுதி கொடுத்து, போகிற பாகத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதை நான் நேர்மையான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன்.

பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து ஃப்ரண்ட் லோட் மெஷின்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டு, விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எளிதாகப் பிரிக்க முடியுமா என்பதோடு, உதிரிபாகத்தின் விலை மெஷின் விலையில் எவ்வளவு என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, ஒரு மாடல் விற்பனையிலிருந்து நின்ற பிறகும் பத்து வருஷத்துக்கு முக்கியமான உதிரிபாகங்களைக் கொடுத்தாக வேண்டும். அந்த விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றையும் தனித்தனியாகவோ ஒன்றாகச் சேர்த்தோ கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அதனால் அங்கேயும் ஒட்டிய டிரம் ஒழிந்தபாடில்லை. நாம் விதி எழுதினால் 'தனித்தனியாக' என்று எழுத வேண்டும்.

இங்கே மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். ஆனால் கம்பெனிகள் தாங்களாகக் கொடுக்கிற தகவலைத் தொகுத்துப் போடுவதோடு அது நின்றால், கடையில் நிற்கிற என் அத்தைக்கு என்ன பயன்? வரியையும் பாருங்கள். புது மெஷினுக்கு 18 சதவீதம், கம்பெனி சர்வீஸ் பில்லுக்கும் 18 சதவீதம். குப்பைக்குப் போக வேண்டிய ஒரு மெஷினை இன்னும் ஐந்து வருஷம் ஓடவைக்கிற வேலைக்கு வரியையாவது குறைக்கலாம்.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதையாவது செய்வோம். தண்ணீர் வெளியேறவில்லை என்றால் சர்வீஸுக்குப் போன் போடுவதற்கு முன் ஃப்ரண்ட் லோட் மெஷினின் கீழ் மூலையில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு அந்த ஃபில்டரைத் திருகி எடுத்தால் காசு, ஹேர்பின், குழந்தை சாக்ஸ் எல்லாம் வரும். தண்ணீர் ஏறவில்லை என்றால் பின்னால் குழாய் சேருகிற இடத்தில் இருக்கிற சின்ன சல்லடையில் மண் அடைத்திருக்கும். இந்த இரண்டுக்கும் பலர் விசிட்டிங் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வீஸ் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் நிறைய இருக்கின்றன. மெஷினில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையோ வாரண்டி அட்டையையோ பாருங்கள். யார் வந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்தது நீங்கள். பில் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த சேவைக்கு பில் தராமலிருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமே கிடையாது.

தெரு மெக்கானிக்கிடம் மட்டும் நூறுக்கும் இருநூறுக்கும் பேரம் பேசாதீர்கள். கம்பெனி பில் நீட்டினால் வாய் திறக்காமல் ஜிபே பண்ணுகிற நாம், வண்டியில் பையை மாட்டிக்கொண்டு வருகிற அண்ணனிடம் "இதுக்கு போய் ஐநூறா?" என்று கேட்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அவர் இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டால், அடுத்த முறை நமக்கு 9,400 ரூபாய் பில் ஒன்றுதான் வழி.

உங்கள் ஊரில் போர்டைக் கழற்றிச் சரிபார்க்கிறவர்கள், ஒட்டிய டிரம்மை அறுத்து பேரிங் மாற்றித் தருகிறவர்கள் இருந்தால் எந்த ஊர், எந்தப் பகுதி என்று கீழே எழுதுங்கள். நம்பரை அவர்களைக் கேட்காமல் பொதுவில் போட வேண்டாம், தேவைப்படுகிறவர்கள் உள்பெட்டியில் கேட்டுக்கொள்ளட்டும். என்ன மாடல், என்ன பழுது, கம்பெனி எவ்வளவு கேட்டது, கடைசியில் எவ்வளவு ஆனது என்பதையும் சேர்த்து எழுதினால், புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர்களுக்குக் கடையில் கேட்க நாலு கேள்வியாவது கையில் இருக்கும்.