இரண்டு வாய் சோறு

அன்னதானத்தில் ஒரு பிள்ளை சோற்றை வைத்துவிட்டு எழுந்ததை ‘நடிப்பு’ என்று சிரித்துப் பரப்பும் அந்த வீடியோவைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். சிரிக்கும் முகம் போட்டு எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். சரி, பேசுகிறேன்.

அந்தப் பிள்ளை இரண்டு வாயோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தது நடிப்பு இல்லை. கிளினிக்குப் போய்வருவது தோட்டத்துக்கே தெரியும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த இரைப்பை, சாப்பாட்டைக் குடலுக்குத் தள்ளவே நேரமெடுக்கும். கொஞ்சத்திலேயே முட்டும், பொருமும், குமட்டும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கூடித்தான் இருக்கும், ஆனாலும் சோறு இறங்காது. ‘பசித்தால் தானாகச் சாப்பிடுவாள்’ என்று எழுதிய அண்ணனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே, பெரிய படிப்பாளி.

எனக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் கடை வேலைக்கு நின்ற காலத்தில் நானும் அப்படித்தான் பட்டினி கிடந்தேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா சுட்ட ரொட்டியில் பாதிகூட முடியவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. ‘கொழும்புக்குப் போனதும் ரொட்டி இறங்கலையோ?’ என்றார் பெரியம்மா. லயமே, தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாமே, சிரித்தது. பிறகு வைத்தியம் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினேன். கால் வீங்கியது. மஸ்கெலியாக் குளிரில் கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு இரவெல்லாம் வியர்த்துக் கிடந்தேன். காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். அது காய்ச்சல் இல்லை. பட்டினியில் அடங்கிக் கிடந்த உடம்பு, சாப்பாடு கிடைத்ததும் அடுப்பு மாதிரி எரிகிறது. அதுவும் நடிப்பு இல்லை.

‘சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடப்பது வசதியானவர்களின் வியாதி’ என்பீர்கள். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 திடமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சாப்பாட்டு நினைப்பே பைத்தியமாகிப் போனது, திரும்பச் சோறு கிடைத்த பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்களும் பந்தா காட்டினார்களா?

‘பிடித்து உட்கார வைத்து ஊட்டுங்கள்’ என்ற மாமாவுக்கு: மெலிந்த உடம்பில் திடீரென நிறையச் சோறு போனால் இன்சுலின் எகிறும், இரத்தத்தில் பொஸ்பேட் என்ற தாது உப்பு குறைந்துவிடும், இதயமே நின்றுபோகலாம். வைத்தியர் பார்வையில், நேரத்துக்கு நேரம், கொஞ்சம் கொஞ்சமாக. அப்படித்தான் என் இரைப்பையும் பழகியது.

சோற்றை வீணாக்கலாமா என்பது மட்டும் நியாயமான கேள்வி. பட்டினி பார்த்த பரம்பரை, எனக்கும் வலிக்கும். அதற்காக ஒரு பிள்ளையின் முகத்தையா ஊருக்குக் காட்டுவது?

பெரியம்மாவுக்கு இப்போது சீனி வியாதி. ரொட்டியை எண்ணி எண்ணித்தான் சாப்பிடுகிறார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். நாளை காலை அந்தப் பிள்ளையின் அம்மா பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், உங்கள் எல்லோர் முகத்திலும் முழிக்க வேண்டும்.