அதிர்ஷ்டத்துக்கும் கணக்கு வேண்டும்

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்யத்துக்குக் கதையில் இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. தற்செயல் எதுவும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. அதிர்ஷ்டத்தைப் பற்றிய நகைச்சுவைப் பேய்க்கதை துப்பறியும் நாவலாகவும் இருக்க விரும்பினால் இந்த இரண்டையும் மீறித்தான் தொடங்க வேண்டும். அப்படி மீறியும் அது வாசகருக்கு நேர்மையாக இருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவனுக்குக் கூடுதலாக வந்து சேர்ந்தது யாருடைய பங்கிலிருந்து போனது என்ற கணக்கை ஆசிரியர் முதலிலேயே போட்டு வைத்து, அதைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்களை நம் கண்ணெதிரே விட்டுச் சென்றால் போதும்.

இத்தகைய நாவலுக்கு எங்கள் இராமநாதபுரம் கடற்கரையைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை. படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, கடலுக்குப் போனவர்களுக்கு எவ்வளவு என்று மீன்பாட்டைப் பங்கு பிரித்துப் பழகிய கரை இது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை விவரித்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஆபத்து வராமல் இருப்பதற்கே கூலி நிர்ணயித்திருந்த கடலில், அதிர்ஷ்டத்துக்கு விலை உண்டு என்ற கற்பனை அந்நியமாகவே தோன்றாது.

நான் படிக்க ஆசைப்படும் கதை வலம்புரிச் சங்கில் தொடங்குகிறது. வழக்கமான சங்குக்கு மாறாக வலப்பக்கமாகச் சுழலும் வலம்புரி மிக அரிது; வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையால் அதன் விலையும் பெரிது. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் கிடைக்கும் வேறோர் இனச் சங்கு இயல்பாகவே அதே பக்கமாகச் சுழல்வதால், அதை வலம்புரி என்று சொல்லி விற்கும் மோசடியும் நடக்கிறது. நம் கடல் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும். அந்த அமெரிக்கச் சங்கில் அவை இருக்காது. எவ்வளவு அருமையான தடயம் பாருங்கள்! கதையில், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் ஒருத்தி, வலம்புரி என்று நம்பி ஒருவன் வாங்கிய சங்கைத் தடவிப் பார்த்த உடனேயே அது போலி என்று சொல்லிவிடுகிறாள். ஆனால் அதை வாங்கியவனுக்கோ அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. சங்கு போலியென்றால் வந்த அதிர்ஷ்டம் யாருடையது? அவள் துப்பறிய வேண்டியது அதைத்தான். பேய்கள்கூடத் தங்கள் பங்கைக் கேட்டு அவளிடம் முறையிடலாம். அந்த வழக்காடலில் நகைச்சுவைக்குப் பஞ்சமே இருக்காது.

ஓர் எல்லையை மட்டும் நான் வற்புறுத்துவேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணிகள் ரயிலோடு கடல் கொண்டுபோன தனுஷ்கோடி மக்களைச் சிரிப்புக்குரிய பேய்களாக்கக் கூடாது. அந்த இழப்பைச் சுமக்கும் குடும்பங்கள் இன்னும் இங்கே வாழ்கின்றன. இறந்தவர்களை வைத்துத் திகில் காட்டும் காணொளிகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு மனத்தைப் புண்படுத்திவிட்டன. சிரிப்பு, அதிர்ஷ்டத்தை விலைபேசும் உயிருள்ளவர்கள்மேல் விழட்டும்.

முடிவில் எல்லாம் கனவு என்றோ, சாபம் தானாகத் தீர்ந்தது என்றோ ஆசிரியர் தப்பித்துக்கொள்வதையும் நான் ஏற்க மாட்டேன். எடுத்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்கை இழந்தவர் பெயர் சொல்லி அதைப் பெற வேண்டும். யாராவது எழுத முன்வந்தால், கதையை மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்குமாறு கேட்டுக்கொள்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, ஒரு படகுக்காரன் வீட்டில் மட்டும் பணம் புரண்டால், துப்பறிபவளுக்கு முன்பாக ஊரே விசாரணையைத் தொடங்கிவிடும்.