“பாதி மாத்திரை போதும்” என்பது தவறு

“குழந்தைகளுக்கெனத் தனி மருந்து ஆராய்ச்சி எதற்கு? பெரியவர் மாத்திரையில் பாதி போதும். நாடு முழுக்க மருத்துவமனைகள் கூட்டுச் சேர்வது பிள்ளைகளைச் சோதனை எலிகளாக்கத்தான்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தும்கூட.

1950களில் பச்சிளங்குழந்தைகளுக்குக் குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அவர்களின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மருந்து இரத்தத்தில் தேங்கியது. வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகி, குழந்தைகள் இறந்தார்கள். நேர்மாறாகவும் நடக்கும்: வலிப்புக்கான ஃபெனிட்டாயின், எடைக்கணக்கில் பார்த்தால் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். ஆய்வு செய்யாமல் இதை யாராலும் ஊகிக்க முடியாது.

கூட்டு எதற்கு? குழந்தைகளுக்கு வரும் பல கொடிய நோய்கள் அரிதானவை. ஒரே மருத்துவமனையில் வருடத்துக்குச் சிலரைத்தான் பார்க்க முடியும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பிரிட்டனில் 2005இல் குழந்தை மருந்துகளுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியதும் இதனால்தான். அங்கே நாடு தழுவிய ரத்தப் புற்றுநோய் ஆய்வு ஒன்று, மறுபடி நோய் வரும் அபாயம் குறைந்த பிள்ளைகளுக்குத் தீவிரமான மருந்துச் சிகிச்சையை ஒரு சுற்று குறைத்தாலும் பாதகமில்லை என்று 2013இல் காட்டியது. மருந்தைக் குறைக்கவும் ஆராய்ச்சிதான் வேண்டியிருந்தது.

இந்தியாவில் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி எந்தக் குழந்தையையும் மருந்து ஆய்வில் சேர்க்கக் கூடாது. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.