ஒரே நேரம் என்றால் மையங்கள்தான் குறையும்
முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து மூடினால் வாக்காளருக்கு வசதி என்கிறது ஒரு கட்டுரை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே 2018-ல் அதைத்தான் செய்தார்கள், கவுண்டித் (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்தைத் தவிர வேறு கிளை மையம் எதைத் திறந்தாலும் வார நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பெரிய கவுண்டிகள் எப்படியோ சமாளித்தன. சின்னக் கவுண்டிகளுக்கு 12 மணி நேரமும் ஆள் போடக் காசு ஏது, அதனால் பல இடங்களில் மையங்களின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் 8 முதல் 7.30 வரை என்று மாற்றினார்கள், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி என்பது அப்படியே இருந்தது. கார் இல்லாத ஒரு பெரியவருக்கு மதியம் மட்டும் திறக்கும் பக்கத்து நூலகம் போதும், இருபது மைல் தள்ளி நாள் முழுக்கத் திறந்திருக்கும் மையத்தால் அவருக்கு என்ன பயன்? அப்புறம், மையங்களையும் நேரத்தையும் முடிவு செய்யும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதெல்லாம் கண்துடைப்பு என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். முழுக்க அப்படி இல்லை. கவுண்டித் தேர்தல் வாரியத்தில் ஐந்து பேரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டால்தான் முன்கூட்டிய வாக்குப்பதிவுத் திட்டம் அங்கேயே முடிவாகும், ஒருவர் மறுத்துத் தன் திட்டத்தை அனுப்பினாலும் மாநில வாரியம்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு வேண்டுமென்றால் அந்த ஐவரில் ஒருவரையாவது நம் பக்கம் இழுக்க வேண்டும், அதற்குத்தான் வாரியத்தின் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறேன். ஆனால் கூட்டத்தையே வேலை நாள் மதியத்தில் வைத்தால் ஷிப்டில் இருப்பவர் எப்படி வருவார், முதலில் அதை மாலைக்கு மாற்றட்டும்.