டெக்குக்கு அடியில் ஒபோசமா? கூண்டு வேண்டாம்

அமெரிக்காவில் தனிவீடு வாங்கிய நம்மவர்களை ஒருநாள் இரவு டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத்தளம்) அடியிலிருந்து ஒரு வெள்ளை முகம் 50 பல்லையும் காட்டி மிரட்டும். "பெருச்சாளி! ரேபிஸ் இருக்கும்! கூண்டுக்காரனைக் கூப்பிடு!"

பெருச்சாளி இல்லை, கங்காருபோலப் பையில் குட்டி வளர்க்கிற ஒபோசம். ரேபிஸ் வருவது மிக அரிது. வாயைப் பிளப்பது பயத்தில். பயம் முற்றினால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும், நாற்றமும் அடிக்கும். நாயை உள்ளே கூட்டிக்கொண்டு தனியே விடுங்கள். சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ எழுந்து போய்விடும்.

கூண்டு வைப்பது தண்டச் செலவு. ஒபோசம் அடிக்கடி இடம் மாற்றும் நாடோடி. ஒன்றைப் பிடித்தாலும் அது டெக்குக்கு அடியில் நுழைந்த ஓட்டை அங்கேயே இருக்கிறது. அடுத்தது வரும், அதிர்ஷ்டம் கெட்டால் நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் வரும். கலிபோர்னியாவில் பிடித்ததை அனுமதியில்லாமல் வேறிடத்தில் கொண்டுபோய் விடவும் முடியாது.

ஓட்டையை அடையுங்கள், அவசரப்படாமல். முதலில் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டிச் செருகுங்கள். இரண்டு மூன்று இரவு கலையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை. பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள கால்வனைஸ் கம்பிவலை. கோழிவலை சீக்கிரம் துருப்பிடித்துப் பிய்ந்துவிடும். மேல்விளிம்பை வாஷர் வைத்து ஸ்க்ரூவால் முடுக்குங்கள், ஸ்டேப்பிள் பெயர்ந்துவிடும். கீழே ஓரடி ஆழம் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கம் ஓரடி மடக்கி மண் மூடுங்கள். தோண்ட வருவது டெக்கை ஒட்டித்தான் தோண்டும், மடக்கிய வலையில் முட்டித் திரும்பும். வலையை நேராக மட்டும் இறக்கினால் அடியில் சுரங்கம் போட்டுவிடும்.

வசந்தத்திலும் கோடையிலும் கூடுதல் கவனம். பைக்குள் இருக்கும் குட்டி தாயோடு வெளியே போய்விடும். பையைவிட்டு இறங்கிய குட்டியைத் தாய் உள்ளேயே விட்டுப் போயிருக்கலாம். அப்போது அடைத்தால் குட்டி சாகும், வாரக்கணக்கில் நாறும்.

தனியாகத் திரியும் குட்டி வாலைச் சேர்க்காமல் 7 அங்குலம் இருந்தால் தானே பிழைத்துக்கொள்ளும். அதற்கும் சிறிதென்றால் வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லுங்கள். அடிபட்டுச் செத்த தாயின் பையில் குட்டி இருந்தால் முலைக்காம்பிலிருந்து இழுக்காதீர்கள், வாய் கிழியும். தாயோடு சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

"ஒரு பருவத்துக்கு 5,000 உண்ணி தின்னும்" என்ற ஃபார்வர்டை நம்பி வளர்க்கவும் வேண்டாம். அது ஆய்வகக் கணக்கு. 2021-இல் வெளியான ஆய்வில் 32 ஒபோசங்களின் வயிற்றைப் பார்த்தபோது ஓர் உண்ணிகூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸ், டெக்சஸ் பக்கம் இதன் தெள்ளுப்பூச்சியால் டைபஸ் காய்ச்சல் பரவுவதுண்டு. பூனை, நாய்க்குத் தெள்ளு மருந்து தவறக்கூடாது.

இரவில் பூனைச் சாப்பாட்டை உள்ளே எடுத்துவிடுங்கள், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிவிடுங்கள். ஒபோசம் குப்பைத்தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் தவித்தால், தொட்டியைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போங்கள், இருட்டியதும் கிளம்பிவிடும்.