ஆற்றங்கரைப் பாதை சரி, வேனுக்கு எப்படித் திரும்புவது?

கோடை விடுமுறைக்கு, உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் கேம்பர்வேனில் புறப்படுகிறோம், பின்னால் சைக்கிள்களையும் கட்டிக்கொண்டு வருகிறோம், ஐரோப்பாவில் சைக்கிள் ஓட்டுவதற்கு நல்ல இடம் எது என்று யாரிடம் கேட்டாலும் மனப்பாடமாக ஒரே பதில்தான் வருகிறது: டான்யூப், லுவார், ரைன், மோசெல். கேட்பவர் எங்கே உறங்குவார், எத்தனை பேருடன் வருகிறார், சிறு பிள்ளைகள் உண்டா என்ற விசாரணை எதுவும் கிடையாது. நான்கு ஆறுகளின் பெயரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது கடமை. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்தப் பாதைகள் அழகற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையோரம் சுமார் 320 கி.மீ. நீளும் பாதையும், பிரான்ஸின் நெவேர் நகரின் அருகிலிருந்து அட்லாண்டிக் கடல்வரை லுவார் கரையோரம் சுமார் 900 கி.மீ. செல்லும் பாதையும் உலகப் புகழ் பெற்றவை. அந்தப் புகழுக்குத் தகுதியும் உடையவை. இவ்விரண்டின் வழியாகவும் செல்கிற யூரோவெலோ 6 என்னும் நெடும்பாதை அட்லாண்டிக்கில் தொடங்கிக் கருங்கடலில் போய் முடிகிறது. ஆனால் இவற்றின் வடிவத்தை ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். எல்லாமே நெடுங்கோடுகள்; ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிப்பவருக்காக அமைந்தவை. சைக்கிளிலேயே பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிச் செல்பவருக்கும், பையை அடுத்த விடுதியில் கொண்டுசேர்க்கப் பணம் கட்டியவருக்கும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. எங்கள் படுக்கையும் அடுப்பும் மாற்றுடையும் காலையில் புறப்பட்ட இடத்தில் நிற்கிற வேனுக்குள் அல்லவா இருக்கின்றன! வேன் எங்கள் பின்னாலேயே ஓடிவந்து அடுத்த ஊரில் காத்திருக்காது. காலையில் 40 கி.மீ. போனால் மாலையில் அதே 40 கி.மீ. திரும்பியாக வேண்டும், மறுநாள் எதிர்த்திசையில் போய்விட்டு வந்தால், அந்த முகாமில் பார்ப்பதற்கு இருந்தது முடிந்துவிடும். பிறகு வேனைக் கிளப்பிக்கொண்டு அதே ஆற்றின் ஓரமாக 60 கி.மீ. தள்ளிப் போய் நிறுத்தி, மீண்டும் அதே போவதும் வருவதும். ஊசலாடுவதற்கா விடுமுறை எடுக்கிறோம்?

டான்யூபில் பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே ஓட்டுகிறார்கள். ஆறு ஓடும் திசை அது என்பது மட்டும் காரணமன்று, அங்கே பெரும்பாலும் வீசுவது மேற்குக் காற்று. வியன்னா வரை போய்விடுபவருக்கு அந்தக் காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். வேனுக்குத் திரும்ப வேண்டியவருக்கோ, களைத்துப்போன பிற்பகலில், பத்து வயதுப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, அதே காற்று நெஞ்சில் அடிக்கும். ஆற்றோரம் முழுவதும் சமதளம், குழந்தைகூட ஓட்டலாம் என்று பரிந்துரைத்த பெருமக்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

இந்த இடத்தில் எல்லாரும் கையில் தயாராக வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு: ரயிலில் திரும்பி வாருங்கள். சொல்வதற்கு எவ்வளவு எளிது! ஜூலை மாத ஞாயிறு மாலையில் ஆற்றோர ஊர் ஒன்றின் நடைமேடையில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த நாளில் அந்த ஆற்றோரம் ஓட்டிய அத்தனை பேரும் அதே ரயிலுக்குத்தான் நிற்கிறார்கள். சைக்கிள் படம் ஒட்டிய கதவு எங்கே வந்து நிற்கும் என்று தெரியாமல் பாதிப் பேர் இந்த முனையிலும் பாதிப் பேர் அந்த முனையிலும் நிற்க, வண்டி நடுவில் வந்து நிற்கும். பழைய பெட்டியாக இருந்தால் ஏறுவதற்குப் படிகள் வேறு. 25 கிலோ எடையுள்ள மின் சைக்கிளை இருவர் சேர்ந்து தூக்கி, முன்சக்கரத்தை வாசலில் நுழைக்கும்போது, உள்ளே ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களைக் காட்டி நடத்துநர் தலையாட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜெர்மனியின் வட்டார ரயில்களில் சைக்கிளுக்குச் சீட்டு எடுத்திருந்தாலும் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். அதிவேக ரயில்களில் முன்பதிவு இல்லாமல் ஏற்றவே முடியாது. எத்தனை மணிக்குக் களைப்பேன் என்று முன்கூட்டியே கணித்து முன்பதிவு செய்துகொண்டு சைக்கிள் ஓட்டுவது எனக்குக் கைவராத கலை.

அதுவும் ரயில் என்ற ஒன்று அங்கே இருந்தால்தானே! மோசெல் பாதையைப் பரிந்துரைக்கும் எவரும், ஜெர்மனியில் ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ஓடும் ரயில் ஆற்றை விட்டு விலகிச் செல்கிறது என்பதைச் சொல்வதில்லை. புலாய் என்ற ஊரிலிருந்து ட்ரியர் வரையிலான வளைந்து நெளிந்த அந்த அழகான பகுதியில், டிராபென்-ட்ராபாக் ஊருக்குப் போகும் ஒரு சிறு கிளைப் பாதையைத் தவிர, ஆற்றோரம் தண்டவாளமே கிடையாது. மாற்றாக, சைக்கிள்களை ஏற்றப் பின்வண்டி பூட்டிய பேருந்து பருவகாலத்தில் ஓடுகிறது. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள, பரிந்துரைத்தவரை விட்டுவிட்டு நாமே கால அட்டவணைகளைத் துழாவ வேண்டியிருக்கிறது. இத்தாலியின் டோப்லாக்கிலிருந்து ஆஸ்திரியாவின் லீன்ஸ் வரை இறங்கும் ட்ராவ் ஆற்றுப் பாதையில் ரயில் இருந்தும் கதை அதேதான். 40 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் சரிவு, குடும்பத்தோடு மிதிக்காமலே போகலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். சரிவில் உருண்டு இறங்கிய பெருங்கூட்டம் முழுவதும் பிற்பகலில் லீன்ஸ் நிலையத்தில் குவியும். சொந்தச் சைக்கிளோடு நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

சைக்கிள்காரர்கள் வேனைப் பற்றி யோசிப்பதில்லை, சரி. வேன்காரர்களாவது சைக்கிளைப் பற்றி யோசிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டும் பெரும்பாலான கேம்பர்வேன்களின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்த்துப் புறப்படத் தயாரான நிலையிலேயே அந்த வேன் 3,000 கிலோவை எட்டியிருக்கும். மிச்சமுள்ள 500 கிலோவில் மற்ற பயணிகள், மழைக்கூரை, நாற்காலி, துணிமணி, மளிகை எல்லாம் அடங்க வேண்டும். அதற்குமேல் மின் சைக்கிள் இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும். பின்கதவில் மாட்டும் தாங்கிகள் பலவற்றுக்கு வரம்பே 50 அல்லது 60 கிலோதான். பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைத்தால்தான் தாங்கி தப்பிக்கும். பின் அச்சுக்கும் வெகு பின்னால் தொங்கும் அந்தச் சுமை, நெம்புகோல் விதிப்படி, தன் எடையைக் காட்டிலும் அதிகமாகப் பின் அச்சை அழுத்தி முன் அச்சை இலேசாக்குகிறது என்பதை விற்பனையாளர் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. எடை வரம்பு கூடிய வண்டி என்றால் ஆஸ்திரியாவில் கட்டண முறையே வேறு: 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட வண்டி நெடுஞ்சாலைக்குக் காலக்கட்டண வில்லை வாங்கினால் போதும், அதற்கு மேற்பட்ட வகை என்றால் ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் கணக்கிடும் கருவியைப் பொருத்த வேண்டும். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போவதென்றால் பின்னால் துருத்தும் சைக்கிள்கள்மீது 50 செ.மீ. சதுரத்தில் சிவப்பு வெள்ளைச் சாய்கோட்டுப் பலகை தொங்க வேண்டும். எல்லையைத் தாண்டிய பிறகு அபராதச் சீட்டைக் கையில் வாங்கித்தான் இதைக் கற்க வேண்டுமா?

இன்னொரு கூட்டம், இடம் தேடி ஏன் அல்லாடுகிறீர்கள், ஸ்வீடனுக்குப் போங்கள், அங்கே எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று அளந்துவிடுகிறது. அந்நாட்டின் புகழ்பெற்ற பொது நுழைவுரிமை, நடந்தும் சைக்கிளிலும் வந்து கூடாரம் அடிப்பவருக்கானது. மோட்டார் வாகனத்துக்கு அது பொருந்தாது. பிரான்ஸின் கடற்கரை வண்டி நிறுத்தங்கள் பலவற்றின் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி நிற்கும். வேனோ இரண்டரை மீட்டருக்கு மேல். சுதந்திரப் பயணம் என்று விளம்பரத்தில் வருகிற ஒற்றை வேனும் தனிக் கடற்கரையும் எந்த நாட்டில் இருக்கின்றன என்று அந்த விளம்பரக்காரர்கள் தயவுசெய்து முகவரி தர வேண்டும்.

கோடை என்ற சொல்லையும் இவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. மே மாதத்தில் போய் வந்த ஒருவர் ஜூலைக்குப் பரிந்துரை தருவதில் என்ன நியாயம் இருக்கிறது? தென் பிரான்ஸில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 35 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமன்று. நிழலில்லாத கால்வாய்க் கரையில் நண்பகலில் ஓட்டுவது தண்டனை. ஜெர்மனியின் 16 மாநிலங்களும் பள்ளி விடுமுறையை வெவ்வேறு தேதிகளில் விடுகின்றன, நெதர்லாந்து நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து விடுகிறது. பிரான்ஸ் மட்டும் கோடை விடுமுறையை நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. அதன் விளைவாகத்தான் அந்நாட்டின் சாலை நெரிசல் முன்னறிவிப்புச் சேவையான பைசோன் ஃப்யூட்டே, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றுக்கும் மேலே கறுப்பு என்றொரு நிறத்தை வைத்திருக்கிறது. அந்தக் கறுப்புச் சனிக்கிழமையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், சைக்கிளில் போயிருந்தாலே முன்னதாகச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேனை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து தினம் ஒரு திசையில் கிளம்பி, போன வழியே வராமல் வட்டமடித்து மாலையில் அதே இடத்துக்குத் திரும்பக்கூடிய ஊர் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமலில்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் வட பகுதியிலும் சைக்கிள் சந்திகளுக்கெல்லாம் எண் இட்டிருக்கிறார்கள். சுரங்கப் பாதைகளின் சந்திகளுக்கு எண் இடும் வழக்கத்தைப் பார்த்த ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனை அது. 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் தொடங்கியது. 34, 51, 52, 18 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். காற்று எதிர்த்தால் 52க்குப் பதில் 47இல் திரும்பி வட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். கைபேசி வேண்டாம், ரயில் வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நெதர்லாந்தின் டென் ஹெல்டரிலிருந்து படகில் சுமார் 20 நிமிடத்தில் சேரும் டெக்ஸல் தீவும், பிரான்ஸின் லா ரோஷெலுக்கு எதிரே 1988 முதல் பாலத்தால் இணைந்திருக்கும் ரே தீவும் இதே காரணத்தால்தான் வேன்காரருக்கு வாய்த்தவை: தீவில் எந்தப் பாதையும் கடைசியில் வளைந்துதான் ஆக வேண்டும். கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 260 கி.மீ.; மூன்று நாடுகள்; நடுவே கான்ஸ்டன்ஸ்–மெர்ஸ்புர்க் படகில் ஏறினால் முழுச் சுற்றைப் பாதியில் வெட்டிக்கொள்ளலாம். புகழில் இவை டான்யூபுக்குக் குறைந்தவையாக இருக்கலாம். வேனை வைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு டான்யூபைவிட இவையே மேல்.

இதைக் கண்டுபிடிக்க வரைபடத்தை விரித்து நாங்களே உட்கார வேண்டியிருந்தது என்பதுதான் ஆத்திரம். பரிந்துரைப் பட்டியல் எழுதுபவர் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்: இங்கே வட்டமடிக்கலாமா, இல்லையா, திரும்பிவர ரயில் உண்டென்றால் அதில் சைக்கிளுக்கு இடம் கிடைக்குமா. அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் மனமில்லை. சூரிய அஸ்தமனப் படம் போட மட்டும் இடம் தாராளமாக இருக்கிறது. ஒருவழியாக நாங்கள் டெக்ஸலைத் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்யப் போனால், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை வேனை நிறுத்த மின் இணைப்புள்ள இடம் எதுவும் மிச்சமில்லை. உறவினரிடம் சொன்னபோது அவர் துளியும் யோசிக்காமல் பதில் சொன்னார்: அதற்கென்ன, டான்யூபுக்குப் போங்களேன்.