"உள்ள பேசிக்கலாம்" என்றால் எங்கே?

கட்சிக்குள் ஒருவர் எழுந்து "இது சரியில்லைங்க" என்று சொன்னால் போதும், துரோகி என்பார்கள். இல்லாவிட்டால் பதவி கிடைக்காத விரக்தியில் பேசுகிறான் என்பார்கள். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாமே என்று மட்டும் யாருக்கும் தோன்றாது. இதில் எந்தக் கட்சியும் விலக்கில்லை. அதனால் "உங்க கட்சி மட்டும் யோக்கியமா?" என்று கேட்க வருபவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

சேலத்துக்காரனாக எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கே நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. பெயர் மாற்றத்தைவிடக் காரமானது அண்ணா கொண்டுவந்த தீர்மானம். வெள்ளைக்காரன் கொடுத்த ராவ்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவப் பதவிகளை விட்டு வெளியே வர வேண்டும் என்றது அது. கட்சியில் பெரிய மனிதர்களாக இருந்தவர்கள் மீதே நேராகப் பாய்ந்த தீர்மானம். ஒப்பாத பி.டி.ராஜன் போன்றவர்கள் பழைய பெயரிலேயே கட்சியைத் தொடர்ந்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார். இல்லை, அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்று அண்ணா பகிரங்கமாகவே எழுதினார். அதற்காக மறுநாள் காலை நீக்க அறிக்கை வந்துவிடவில்லை. இருவரும் 1949 வரை ஒரே இயக்கத்தில்தான் இருந்தார்கள். பிரிந்து போய் திமுக தொடங்கியபோதும் தலைவர் நாற்காலி பெரியாருக்காகக் காலியாக விடப்பட்டது. அந்தக் காலத்தில் ஜனநாயகம் பொங்கி வழிந்தது என்று கதை விட வரவில்லை, பெரியார் இயக்கத்தைக் கறாராகத்தான் நடத்தினார். ஆனாலும் அவ்வளவு பெரிய முரண்பாட்டை அது தாங்கியது. இன்றைய கட்சிகள் ஒரு ட்வீட்டைத் தாங்குவதில்லை.

காங்கிரஸையும் பார்ப்போம். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வேண்டாம் என்று காந்தியோடே மோதினார். கட்சியை விட்டும் விலகினார். அவரைத்தான் பிற்பாடு கவர்னர் ஜெனரல் ஆக்கினார்கள், 1952-இல் முதலமைச்சரும் ஆக்கினார்கள். அவர் 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, அடிப்படைக் கொள்கைகளைத் தவிர மற்றவற்றில் உறுப்பினர்கள் சொந்தக் கருத்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியே வைத்தது. அவருடைய பொருளாதாரம் எனக்கு ஒத்துவராது. அந்த ஒரு விதியை மட்டும் எல்லாக் கட்சிகளும் காப்பி அடிக்கலாம்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு வார்டு கூட்டம். எந்தக் கட்சி என்பது வேண்டாம். தீர்மானங்கள் ஏற்கெனவே டைப் அடித்து வந்திருந்தன. வாசித்து முடிப்பதற்குள் கைதட்டல், "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது." ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, சாக்கடைப் பிரச்சினையில் நம்ம கவுன்சிலரே கண்டுக்க மாட்டேங்கறாரு, ஓட்டு கேட்டு எப்படிப் போறது என்றார். மேடையிலிருந்து ஒரு இளைஞர் சிரித்துக்கொண்டே, "அண்ணா, அதெல்லாம் உள்ள பேசிக்கலாங்ணா" என்றார். மண்டபக் கதவு சாத்தியிருந்தது, இருந்தவர்கள் எல்லாரும் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள். இதைவிட உள்ளே எது?

கூட்டம் முடிந்ததும் தட்டுவடை செட் கடையில்தான் நிஜமான செயற்குழு நடந்தது. கைதட்டிய அதே ஆட்கள் காரச் சட்னியைத் தொட்டுக்கொண்டே கவுன்சிலரைக் கிழித்தார்கள். அதில் பாதியையாவது மண்டபத்தில் சொல்லியிருந்தால் சாக்கடைக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

பேச விட்டால் கட்சி உடைந்துவிடும் என்பதுதான் நிர்வாகிகள் சொல்லும் காரணம். நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எம்.ஜி.ஆர். 1972-இல் திமுகவில் கட்சிக் கணக்குக் கேட்டார், நீக்கினார்கள், ஒரே வாரத்தில் அதிமுக பிறந்தது. 1993-இல் வைகோவை நீக்கினார்கள், மதிமுக வந்தது. அதிமுக 2022-இல் ஓ.பன்னீர்செல்வத்தை நீக்கியது, வழக்குகள் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தன. யார் பக்கம் நியாயம் என்பது வேறு சண்டை. உள்ளே மோதி முடித்திருக்க வேண்டியது வெளியே போய்ப் புதுக் கொடியாகவும் வழக்காகவும் முளைக்கிறது, அவ்வளவுதான்.

சட்டமும் தலைமைக்கே துணை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் மட்டுமல்ல, ஓட்டுப் போடாமல் இருந்தாலும் பதவி போகலாம். கட்சி மனது வைத்து 15 நாளுக்குள் மன்னித்தால் உண்டு. காசுக்குத் தாவுபவனைத் தடுக்கத்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் விலை போனவனையும் மனசாட்சிப்படி நின்றவனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரிட்டனில் 2019-இல் பிரெக்ஸிட் விவகாரத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 ஆளுங்கட்சி எம்.பி.க்களைக் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். எம்.பி. பதவியைத் தொட முடியவில்லை, அது மக்கள் கொடுத்தது.

நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம். நாளைக்கே இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) வன உரிமையைத் தொடும் ஒரு மசோதா வருகிறது என்று வையுங்கள். ஏற்காட்டு எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும், கொறடா கை தூக்கச் சொன்னால் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்புறம் தனித்தொகுதி எதற்கு?

நம்பிக்கை வாக்கெடுப்பில் மட்டும் கொறடாவுக்கு இந்த அதிகாரம் இருக்கட்டும் என்று தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது. பட்ஜெட்டையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதிலெல்லாம் அவரவர் தொகுதிக்குப் பதில் சொல்லட்டும்.

சரி, அதற்குப் பார்லிமெண்ட் மனது வைக்க வேண்டும். வார்டு கூட்டத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம். தீர்மான நோட்டில் "ஒருமனதாக" என்று எழுதுவதற்கு முன்னால், எதிர்த்தவர் யார், என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். கட்சியில் இருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் போடுங்கள். சொந்தப் பெயரில் போடப் பயமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.